வாசகர் கேள்வி–பதில்: கம்பி நீட்டிய எத்தர்கள்

சென்ற இதழில், ஈபில் கோபுரத்தை விற்ற மனிதரைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டன. ஆகவே இந்த இதழில் வேறு கேள்விகளுக்கு இடமில்லை. அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: வழிப்பறிக்காரன் அகப்பட்டால் அடிக்கக் கை ஓங்குகிற நாம், ஊரை ஏமாற்றிவிட்டு ஓடுகிறவனின் கதையை மட்டும் சிரித்துக்கொண்டே கேட்கிறோமே, இது என்ன நியாயம்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஏமாந்தவர் யார் என்பதைப் பொறுத்தது அது. ஓய்வூதியப் பணத்தை ஏலச்சீட்டில் பறிகொடுத்த பெரியவரின் கதையைக் கேட்டு எவரும் சிரிப்பதில்லை. சீட்டு நடத்தியவர் எத்தனை சாமர்த்தியமாக ஓடியிருந்தாலும் நமக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஏமாந்தது ஓர் அதிகாரம், ஓர் அலுவலகம், ஒரு விறைப்பான சீருடை என்றால் மட்டுமே உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்க்கிறது.

பெர்லினை அடுத்த கோபெனிக் நகரில் 1906 அக்டோபர் 16 அன்று நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். வில்ஹெல்ம் ஃபோக்ட் என்பவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி, வயது 57, அதில் ஏறக்குறைய பாதியைச் சிறையில் கழித்தவர். பழைய உடைகள் விற்கும் கடைகளில் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்த ராணுவ கேப்டன் சீருடையை அணிந்துகொண்டு அவர் வீதியில் இறங்கினார். காவல் பணி முடிந்து திரும்பிக்கொண்டிருந்த சிப்பாய்களை நிறுத்தித் தம் பின்னால் வருமாறு உத்தரவிட்டார், அவர்களும் வந்தார்கள். சீருடைக்குள் இருப்பவர் யார் என்று கேட்க அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏறக்குறைய பத்துப் பேர் கொண்ட அந்தப் படையுடன் ரயிலேறிக் கோபெனிக்கில் இறங்கியவர், நகர மன்றக் கட்டடத்தைக் கைப்பற்றி, மேயரையும் பொருளாளரையும் மன்னரின் பெயரால் கைது செய்தார். கஜானாவில் இருந்த பணத்தை எண்ணச் சொல்லி, 3,500 மார்க்குக்குச் சற்று மேற்பட்ட தொகையை வாங்கிக்கொண்டு, முறைப்படி ரசீதும் கொடுத்தார். ரசீது கொடுத்த கொள்ளைக்காரர் என்ற வகையில் அவருக்கு வரலாற்றில் தனி இடம் உண்டு.

அவர் தப்பிய விதம் இதைவிட அழகானது. கைதான இருவரையும் காவலுடன் பெர்லினுக்கு அனுப்பிவிட்டு, எஞ்சிய சிப்பாய்கள் அரை மணி நேரம் கட்டடத்தைக் காக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பிறகு ரயில் நிலையத்துக்கு நடந்து போய் வண்டியேறி, சாதாரண உடைக்கு மாறி மறைந்துபோனார். திருடன் ஓடிப்போகும் வரையில் அரசாங்கப் படையே அவனுக்குப் பின்காவல் நின்ற காட்சியை எண்ணி ஜெர்மனியே விழுந்து விழுந்து சிரித்தது.

பத்தே நாட்களில் அகப்பட்டுக்கொண்டார். துப்புக் கொடுத்தவர், முன்பு அவருடன் ஒரே சிறையில் இருந்த பழைய கூட்டாளி; இந்தத் திட்டத்தைப் பற்றி அவர் காதில் ஃபோக்ட் எப்போதோ போட்டு வைத்திருந்தார். நான்காண்டுத் தண்டனை கிடைத்தது. ஆனால் 1908 ஆகஸ்டிலேயே பேரரசர் மன்னித்து விடுவித்துவிட்டார்.

மக்கள் அவர் பக்கம் நின்றதற்குச் சிரிப்பு மட்டும் காரணமில்லை. சிறையிலிருந்து வெளிவந்து நேர்மையாக வேலை பார்க்க முயன்றவரை, பழைய குற்றவாளி என்று சொல்லிக் காவல்துறை ஊர் ஊராக வெளியேற்றியிருந்தது. தங்கும் அனுமதி இல்லாதவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவருக்குத் தங்கும் அனுமதி இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காக அலைந்த எவருக்கும் இந்தச் சக்கரம் புரியும். தமக்குத் தேவைப்பட்டது ஒரு கடவுச்சீட்டுதான் என்று அவர் பின்னர் சொன்னார். அது உண்மையோ இல்லையோ, கோபெனிக் நகர மன்றத்தில் கடவுச்சீட்டு வழங்கும் பிரிவே இருக்கவில்லை! இன்று அதே கட்டடத்தின் வாசலில், கேப்டன் சீருடையுடன் அவருடைய சிலை நிற்கிறது.

கேள்வி: ஏமாற்றுகிறவனுக்குத் தப்பி ஓடுவதற்கு நேரம் எங்கிருந்து கிடைக்கிறது? ஏமாந்தவர் உடனே கூச்சலிட மாட்டாரா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கூச்சலிட மாட்டார் என்பதில்தான் அந்தத் தொழிலின் முதலீடே இருக்கிறது. எத்தன் ஏறித் தப்பும் வண்டி, ஏமாந்தவரின் வெட்கம். அதை நன்றாகப் புரிந்துகொண்டவர் விக்டர் லுஸ்டிக். பொஹீமியாவில் ஹோஸ்டின்னே என்ற ஊரில் 1890இல் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டார். பின்னாளில் தேடிப் பார்த்தபோது அந்த ஊரில் அவரைப் பற்றிய தடயமே அகப்படவில்லை.

அவர் விற்ற பொருள்களில் ஒன்று, டாலர் அச்சடிக்கும் பெட்டி. பெட்டிக்குள் ஓர் உண்மையான நூறு டாலர் தாளையும் ஒரு வெற்றுத் தாளையும் செருகினால், ஆறு மணி நேரம் கழித்து இரண்டு நூறு டாலர் தாள்கள் வெளிவரும். இரண்டாவதும் நல்ல நோட்டுதான். அதை அவரே முன்கூட்டி உள்ளே ஒளித்து வைத்திருப்பார். வங்கியில் மாற்றிப் பார்த்து மனம் குளிர்ந்த வாடிக்கையாளர், ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பெட்டியை வாங்கிக்கொள்வார். உள்ளே இன்னும் ஓரிரு நல்ல தாள்கள் இருக்கும்; அவை வெளிவந்து தீரும்வரை பல மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் லுஸ்டிக் பல நூறு மைல் கடந்திருப்பார். அந்த ஆறு மணி நேரக் கணக்கை நான் வெகுவாக ரசிப்பவன். அச்சு இயந்திரத்துடன் தாம் தப்பும் நேரத்தையும் சேர்த்தே விற்ற வியாபாரி வேறு எவராவது உண்டா? வாங்கியவர் காவல் நிலையத்துக்குப் போகவும் முடியாது. கள்ள நோட்டு அச்சடிக்க வாங்கிய இயந்திரம் வேலை செய்யவில்லை என்று எந்த ஆய்வாளரிடம் புகார் எழுதுவது?

கேள்வி: ஈபில் கோபுரத்தை அவர் விற்றது உண்மைதானா, கட்டுக்கதையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இந்தக் கதை நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் பிற்காலத்தவர் எழுதிய வடிவத்தில்தான். எனவே, அவர் இன்னாரிடம் இன்ன சொல்லைச் சொன்னார் என்பதையெல்லாம் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. கதையின் எலும்புக்கூடு இதுதான்.

1889ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்ட அந்தக் கோபுரத்துக்கு அப்போது 20 ஆண்டுகளுக்கே அனுமதி தரப்பட்டிருந்தது. வானொலித் தொடர்புக்குப் பயன்பட்டதால் பிழைத்துக்கொண்டது. 1925இல் அதன் பராமரிப்புச் செலவு பற்றிச் செய்தித்தாளில் வந்த புலம்பலை லுஸ்டிக் படித்தார். அஞ்சல் தந்தி அமைச்சகத்தின் உயரதிகாரி என்று கூறிக்கொண்டு, பாரிஸின் பெரிய விடுதி ஒன்றுக்குப் பழைய இரும்பு வியாபாரிகளை – நம் சென்னை வழக்கில் சொன்னால் காயலான் கடை முதலாளிகளை – அழைத்தார். 7,000 டன்னுக்கு மேற்பட்ட இரும்பை அரசு விற்கப் போவதாகவும், மக்கள் எதிர்ப்பு கிளம்பக்கூடும் என்பதால் விஷயம் ரகசியமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

வந்தவர்களில் ஒருவர் ஆசைப்பட்டார். ஆனால் அவர் மனைவிக்குச் சந்தேகம். உயரதிகாரி ஏன் இப்படி மறைவாக, அவசரமாகப் பேசுகிறார்? இந்த இடத்தில் லுஸ்டிக் செய்ததுதான் மேதைமை. அவர் தம் நேர்மையை நிரூபிக்க முயலவில்லை. சம்பளம் போதவில்லை என்று குரலைத் தாழ்த்தி, தமக்கும் ஏதாவது பார்த்துச் செய்ய வேண்டும் என்று ஜாடை காட்டினார். உடனே சந்தேகம் தீர்ந்துவிட்டது. லஞ்சம் கேட்கிறார் என்றால் உண்மையான அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும்! பிரெஞ்சுக்காரர்களுக்கு இது நகைச்சுவையாகத் தோன்றியிருக்கலாம். நமக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை.

பணத்துடன் ஆஸ்திரியாவுக்குப் போனவர், அங்கிருந்தபடியே பாரிஸ் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். நாட்கள் சென்றன, ஒரு வரிச் செய்தியும் வரவில்லை. ஊர் சிரிக்குமே என்று அஞ்சிய வியாபாரி வாயைத் திறக்கவில்லை. அத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் லுஸ்டிக் அல்லர். பாரிஸுக்குத் திரும்பி வந்து, வேறு சில வியாபாரிகளைக் கூட்டி, அதே கோபுரத்தை இரண்டாம் முறையும் விற்கப் பார்த்தார். இம்முறை விஷயம் காவல்துறைக்கு எட்டியது. அவர் அமெரிக்காவுக்குக் கம்பி நீட்டினார். அவருடைய வண்டியை ஓட்டியது மற்றவரின் வெட்கம் என்றேனல்லவா? வெட்கத்தை விழுங்கிவிட்டு ஒருவர் பேசத் துணிந்ததும் அந்த வண்டி நின்றுவிட்டது.

கேள்வி: இந்தத் துறையில் ஆண்கள் மட்டும்தானா? பெண்களுக்கு இடமே இல்லையா?
– வாசகி, காரைக்குடி

பதில்: தாயே, மேலே சொன்ன இருவரையும் தூக்கிச் சாப்பிட்ட ஒரு பெண்மணி இருந்தார். துலூஸ் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த தெரேஸ் உம்பேர், ராபர்ட் கிராஃபோர்டு என்ற அமெரிக்கக் கோடீசுவரருக்கு ரயில் பயணத்தில் உயிர் போகும் தறுவாயில் தாம் உதவியதாகவும், நன்றி மறவாத அவர் தமக்குப் பெருஞ்செல்வம் எழுதி வைத்ததாகவும் சொன்னார். அந்தச் சொத்துக்கு அமெரிக்கரின் உறவினர்கள் உரிமை கோருவதால், வழக்குத் தீரும்வரை கடன்பத்திரங்கள் அனைத்தும் ஓர் இரும்புப் பெட்டகத்தில் முத்திரையிடப்பட்டு இருக்கின்றன என்பது கதையின் அடுத்த பாகம்.

அமெரிக்கரும் இல்லை, உறவினர்களும் இல்லை, சொத்தும் இல்லை. ஆனால் வழக்கு மட்டும் உண்மையிலேயே நடந்தது! உலகத்தில் இல்லாத மனிதர்களுக்கு வழக்கறிஞர்களை அமர்த்தி, தமக்குத் தாமே எதிர்வழக்காடி, பிரெஞ்சு நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்கினார் அந்த அம்மையார். நீதிமன்றமே விசாரிக்கிறது என்றால் சொத்து இருக்கத்தானே வேண்டும் என்று எண்ணிக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நின்றார்கள். போதாக்குறைக்கு, அவருடைய மாமனார் 1882இல் நாட்டின் நீதி அமைச்சராகவே இருந்தவர். ஏறக்குறைய 20 ஆண்டுகள் அந்தக் குடும்பம் அந்தப் பெட்டகத்தைக் காட்டியே மாளிகை வாழ்க்கை நடத்தியது.

ஒருவழியாக 1902 மே மாதம் பெட்டகத்தைத் திறக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. திறப்பதற்குச் சற்று முன்பு குடும்பமே ஊரை விட்டு மறைந்தது. உள்ளே இருந்தவை, அக்காலச் செய்திகளின்படி, ஒரு செங்கல்லும் ஓர் ஆங்கிலேயச் செப்புக்காசும். கணவர், தம்பிமார் என்று சுற்றத்தோடு ஓடிய தெரேஸ் அம்மையார் அதே ஆண்டு டிசம்பரில் ஸ்பெயின் தலைநகர் மாட்ரிடில் அகப்பட்டார். ஐந்தாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. குடும்பத்தோடு ஓடுவது எத்தருக்கு ஆகாது என்பது என் தனிப்பட்ட கருத்து. மூட்டை முடிச்சு அதிகமாகிவிடுகிறது.

இந்தக் கதையில் எனக்குச் சிரிப்பு வராத பகுதியும் ஒன்று உண்டு. புகழ்பெற்ற ஓவியர் ஆன்றி மத்தீஸின் மாமனாரும் மாமியாரும் அந்தக் குடும்பத்தாரிடம் நம்பிக்கையாகப் பணிபுரிந்தவர்கள். முதலாளிகள் ஓடிவிட்டதால் ஊரின் கோபம் இவர்கள்மீது திரும்பியது. அப்போது பெயர் பெறாதிருந்த மத்தீஸின் ஓவியக் கூடத்தைக்கூடக் காவல்துறை சோதனையிட்டது. ஓடுகிறவர்களை மட்டுமே பார்க்கும் நகைச்சுவைக் கதைகள், பின்னால் விட்டுச் செல்லப்பட்ட கணக்குப்பிள்ளைகளை ஒரு காட்சியிலும் காட்டுவதில்லை.

கேள்வி: நம் நாட்டு நட்வர்லால் இவர்களோடு ஒப்பிடத் தக்கவரா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பீகாரின் சீவான் மாவட்டத்தில் பிறந்த மிதிலேஷ் குமார் ஸ்ரீவத்சவாதான் நட்வர்லால். தாஜ்மகாலை விற்றார், செங்கோட்டையை விற்றார் என்று அடுக்கப்படும் சாதனைகளில் எத்தனை நடந்தவை, எத்தனை டீக்கடையில் பிறந்தவை என்று பிரித்தெடுப்பது கடினம். விற்பதில் இருந்த திறமையைவிடத் தப்புவதில் இருந்த திறமைக்குத்தான் நான் அவரை மதிப்பேன். அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனைகளைக் கூட்டினால் நூறாண்டைத் தாண்டும் என்பார்கள். அதில் அவர் அனுபவித்தது சொற்பம்.

1996இல், 80 வயதைத் தாண்டி, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி சிகிச்சைக்காகத் தில்லிக்குக் கொண்டுவரப்பட்ட முதியவர், ரயில் நிலையக் கூட்டத்தில் காவலர்களின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு மறைந்தார். எழுந்து நடக்க மாட்டார் என்று எண்ணிய கைதி எப்படிப் போனார் என்பதை அந்தக் காவலர்கள் மேலதிகாரியிடம் எப்படி விளக்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். அதன் பிறகு அவர் பிடிபடவே இல்லை. அவர் 1996லேயே இறந்துவிட்டதாகக் குடும்பத்தார் தரப்பில் ஒரு கணக்கும், 2009இல் இறந்ததாக வழக்கறிஞர் தரப்பில் ஒரு கணக்கும் உண்டு. சாவுத் தேதியிலும் இரட்டைக் கணக்கு!

கேள்வி: தமிழ்நாட்டில் இரிடியம் கலசம், மண்ணுளிப் பாம்பு என்று இன்னமும் படித்தவர்களே ஏமாறுகிறார்களே?
– வாசகர், சேலம்

பதில்: லுஸ்டிக்கின் டாலர் பெட்டிதான் அது, ஊரும் பேரும் மாறியிருக்கின்றன, அவ்வளவே. கோயில் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அது அரிசியை இழுக்கும், வெளிநாட்டு விஞ்ஞானக் கூடங்கள் கோடிகளில் வாங்கும் என்று சொல்லி, சோதனைக்கான செலவு என்ற பெயரில் பணம் கறப்பார்கள். இரிடியம் என்பது பிளாட்டினக் குடும்பத்தைச் சேர்ந்த, மிகுந்த எடையும் கடினமும் கொண்ட உலோகம். அது விலை உயர்ந்ததுதான். ஆனால் அரிசி, பருப்பு எதையும் இழுக்காது. மண்ணுளிப் பாம்போ விஷமற்ற அப்பாவிப் பிராணி. வால் மழுங்கியிருப்பதால் இருதலைப் பாம்பு என்று பெயர் வாங்கி, அந்தப் பெயராலேயே சீரழிகிறது.

கவனிக்க வேண்டியது வேறொன்று. கோயில் கலசத்தை வாங்குவதும் குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பாம்பை வைத்திருப்பதும் குற்றம். ஆகவே ஏமாந்தவர் காவல் நிலையப் படியேறினால் அவரிடமே முதல் கேள்வி கேட்கப்படும். எத்தர்கள் இந்தச் சரக்குகளைத் தேர்ந்தெடுத்திருப்பது தற்செயலன்று. படிப்பு இதில் எந்தப் பாதுகாப்பும் தராது; படித்தவருக்கு வெட்கம் அதிகம் என்பதால் எத்தருக்கு அவர் இன்னும் வசதியானவர்.

கேள்வி: ஏமாற்றுக்காரரை இனியும் ‘நானூற்றிருபது’ என்று அழைக்கலாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: சட்டப்படி இல்லை. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. மோசடிக்கு அதில் 318ஆம் பிரிவு. ஆனால் ‘அவன் ஒரு முந்நூற்றுப் பதினெட்டு’ என்று திட்டிப் பாருங்கள், எவருக்காவது கோபம் வருகிறதா?

கேள்வி: கடைசியில் லுஸ்டிக் எப்படித்தான் பிடிபட்டார்? அவர் முடிவு என்ன?
– வாசகி, ஈரோடு

பதில்: ஃபோக்டைப் போலவே அவரையும் உள்ளிருந்தவரே காட்டிக் கொடுத்தார். 1930களில் அவர் கள்ள நோட்டுத் தொழிலில் இறங்கியிருந்தார். அந்நிலையில், அவருடன் வாழ்ந்த பெண் பொறாமையால் தொலைபேசியில் துப்புக் கொடுக்க, 1935 மே மாதம் நியூயார்க்கில் கைதானார். கள்ள நோட்டில் ஏமாந்த எந்தத் தனிமனிதரும் வெட்கப்பட்டு மௌனம் காத்துப் பயனில்லை. அங்கே ஏமாந்தது அமெரிக்க அரசாங்கம், அதற்கு வெட்கம் கிடையாது.

வழக்கு விசாரணை நெருங்கிய நேரத்தில், செப்டம்பர் 1 அன்று, படுக்கை விரிப்புகளைக் கிழித்து முடிந்து கயிறாக்கி, சிறைச் சன்னல் வழியாகப் பட்டப்பகலில் இறங்கினார். தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தபோது, கையில் இருந்த துணியால் சன்னல் கண்ணாடிகளைத் துடைத்தபடியே வந்தாராம். தொழிலாளி என்று எண்ணி விட்டுவிட்டார்கள். தரையைத் தொட்டதும் ஓட்டம். ஏறக்குறைய ஒரு மாதத்தில் பிட்ஸ்பர்கில் துரத்திப் பிடித்தார்கள். 20 ஆண்டுத் தண்டனையுடன், தப்பவே முடியாது என்று பெயர் பெற்ற அல்கட்ராஸ் தீவுச் சிறைக்கு அனுப்பினார்கள்.

அங்கே அவருக்கு உடல்நலம் கெட்டது. மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று ஆயிரம் தடவைக்கு மேல் விண்ணப்பித்தார். தப்புவதற்கு அடுத்த நாடகம் ஆரம்பமாகிவிட்டது என்று காவலர்கள் கருதினார்கள். கடைசியில் மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு சிறை மருத்துவமனைக்கு மாற்றியபோதுதான், அந்த மனிதர் இம்முறை பொய் சொல்லவில்லை என்று மருத்துவர்கள் கண்டுகொண்டார்கள். 1947 மார்ச் 11 அன்று நிமோனியாவால் இறந்தார். இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில், ‘பயிற்சி விற்பனையாளர்’ என்று எழுதியிருக்கிறது.